கால்களுக்கு வராத பங்கு

காலை ஆறு மணிக்கு, நிலவின் தென்துருவக் குடியிருப்பில் எல்லோரும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வட்டக்கூடத்தின் சுவரில் படுக்கைவாட்டில் வேகமாகச் சுற்றினால்தான் அங்கே கால்களில் பாரம் ஏறும். சுரங்கத் தொழிலாளி தேவசகாயம் ஒன்பது வருடமாக ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நாகர்கோவிலில் மனைவி புஷ்பலீலா காத்திருந்தாள். பாக்கி இருந்தது ஒரே சோதனை: பூமியின் ஈர்ப்பை உண்டாக்கும் அறையில் நாற்பது அடி நடந்து காட்ட வேண்டும்.

பதினோராவது அடியில் முழங்கால் மடங்கி விழுந்தார். பூமிக்கு அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்துத்தான்.

மருத்துவர் பர்வீன் அவருடைய உடல் படத்தைத் திரையில் காட்டினாள். தொடைகள் வந்தபோது இருந்ததைவிட மெலிந்திருந்தன. தோளும் புஜமும் மட்டும் திரண்டு கிடந்தன.

“ஓடுனது காலு. வளந்தது தோளா?”

“ஒடம்பு அப்படித்தாண்ணே. பெரிய தசைக்கு வேலை குடுத்தா வளர்ச்சிச் சாறு ரத்தத்துல ஊறும். மத்த தசைக்கும் அதுல பங்கு உண்டு. இங்க சாப்பாடு அளவுதானே, அதனால எதுக்கு எவ்வளவுன்னு உங்க பிடரியில இருக்கிற பகிர்சில்லு முடிவு பண்ணுது.”

அந்தச் சில்லைப் பொருத்தியவளே பர்வீன்தான். காலுக்குத்தான் போகும் இல்லையா என்று அவர் அன்று கேட்டபோது ஆமென்று தலையை ஆட்டியவள். ஒன்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள்.

“சுரங்கக் கம்பெனிக்குக் கைதான வேணும். எங்கிட்டக் கேக்காமயே மாத்திட்டிய. நீங்களும் உடந்தை.” அவர் அவளை நோக்கி விரலை நீட்டினார். “கூடப்பெறந்தவ மாதிரில்லா நெனச்சேன். கழுத்தறுத்துட்டியளே டாக்டரம்மா.”

பர்வீன் முகம் சுண்டிப்போனது.

“யாரும் மாத்தலண்ணே. சில்லு வாய் சொல்றதக் கேக்காது. மனசு எதப் பாத்துக் குளிருதோ அதுக்குத்தான் அனுப்பும். நான்தான் அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருக்கணும். நீங்களே பாருங்க.”

சில்லின் பதிவுகள் திரையில் ஓடின. தினமும் ஓட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக் கண்ணாடிமுன் பதினோரு நிமிடம். கண் ஒருமுறைகூட இடுப்புக்குக் கீழே இறங்கியதில்லை. ஞாயிறுதோறும் புஷ்பலீலாவுக்கு அனுப்பிய படங்கள். ஒன்றிலும் கால் இல்லை. ‘தோளைப் பாத்தா யாரோ நடிகர்னு நெனைக்காங்க’ என்று அவள் எழுதிய வாரத்தில், தொடைகளின் பங்கு சுழியத்துக்கு இறங்கியிருந்தது.

தேவசகாயத்துக்குத் திட்டுவதற்கு இப்போது எதிரில் ஆள் இல்லை. துரோகம் மட்டும் நெஞ்சில் அப்படியே இருந்தது.

பர்வீன் ஒரு பலகையை நீட்டினாள். “கைரேகை வையுங்க. ஒங்க மனசு என்ன சொன்னாலும் இனி முழுப்பங்கும் காலுக்கே போற மாதிரி பூட்டிடறேன். அடுத்த கப்பல்ல நடந்தே ஏறிருவீங்க.”

விரலைக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

“அப்ப தோளு?”

“வத்தித்தான் போகும்.”

“எப்ப தெரிய ஆரம்பிக்கும்?”

“நாலஞ்சு நாள்ல.”

அன்று புதன்கிழமை. தேவசகாயம் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை கழியட்டும், வச்சிருதேன்” என்றார்.