வேலு நாச்சியாரின் வெறும் கை

"இப்ப உங்க பையையும் திறங்க, சார்."

காலை ஒன்பது மணி. பெரிய இடத்தில் வாயைத் திறக்காதே என்று அங்கேயே துப்புரவு வேலை பார்க்கும் சித்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், மேலாளரிடம் அவள் இதைக் கேட்டுவிட்டாள். கண்காட்சிக் கூடத்தில் வழிகாட்டி வேலை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. கூடத்தில் எல்லோரும் அவளை 'டிகிரி' என்றார்கள்; பாராட்டி அல்ல.

அன்று திறப்பு விழா. சரித்திர நாயகர்களின் சிலைகள் வெள்ளைத் துணிக்குள் காத்திருந்தன. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முதலாளியம்மா வேலு நாச்சியாரின் துணியை விலக்கினார். ஓங்கிய கை வெறுமையாக இருந்தது. வெள்ளிப்பிடி போட்ட பழைய வாளைக் காணோம். அதை நம்பி இரவல் கொடுத்த குடும்பம் வெளியே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

நேற்றுக் கடைசியாகக் கூடத்தைக் கூட்டியது சித்தி. மேலாளருக்கு அது போதும். சித்தியின் பையைத் தரையில் கொட்டச் சொன்னார். சீப்பு, தைலம், சாப்பாட்டு டப்பா.

"டப்பாவுக்குள்ள வாளை மடிச்சா வச்சிருக்காங்க?" என்று கேட்ட பிறகுதான் டிகிரி மேலாளரின் பையைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே திறந்தார். ஒன்றுமில்லை.

குடையை விட நீளமாக எதுவும் வாசலைத் தாண்டவில்லை என்று காவலாளி அடித்துச் சொன்னார். பூட்டியது மேலாளர், சாவியும் அவரிடமே இருந்தது. அப்படியானால் வாள் இன்னும் உள்ளேதான்.

டிகிரி சிலைகளைச் சுற்றி வந்தாள். ரசியா சுல்தானா, அக்பர், அசோகர். அசோகரின் துணி மட்டும் இடுப்புப் பக்கம் புடைத்திருந்தது. நேற்று மாலைதான் சிற்பியின் பட்டறையிலிருந்து துணி சுற்றியபடியே அவர் வந்து சேர்ந்தார். காலடியில் அவள் எழுதிய பலகை: 'கலிங்கப் போருக்குப் பின்'. இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று மேலாளர் அப்போதே கிண்டலடித்திருந்தார்.

உள்ளே இருக்கும் அசோகர் எப்படி இருப்பார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"மூட்டையா வந்தாரு, மூட்டையா நிக்கிறாரு. மூஞ்சியை யாரு கண்டா?" என்றாள் சித்தி. காவலாளிக்கும் தெரியவில்லை.

"இடுப்புல வாளு, சிவப்பு உறை," என்றார் மேலாளர். "ராஜான்னா வேற எப்படி இருப்பாரு?"

டிகிரி முடிச்சை அவிழ்த்தாள். விரித்த கையோடு அசோகர் நின்றார். இடுப்பில், பிடிவரை சிவப்புப் பட்டு சுற்றிய வாள்.

"போதும்டா சண்டைன்னு விட்ட மனுஷன் இவர். வாளே வேண்டாம்னு நானும் சிற்பியும் பேசி வச்சுச் செஞ்ச சிலை. மூட்டைக்குள்ள சிவப்பு உறை இருக்குன்னு கட்டினவருக்குத்தானே தெரியும்? ராஜா இடுப்புல வாள் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, விழா முடிஞ்சு நிதானமா எடுத்துக்கலாம்னு நினைச்சிருக்கீங்க சார். மூணு வார்த்தைப் பலகையைப் படிச்சிருக்கலாம். அக்பர் இடுப்புல கட்டியிருந்தா நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்."

காவலாளி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மேலாளர் அக்பரின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளியம்மா டிகிரியையும் சித்தியையும் தனியே அழைத்தார். மேலாளர் அவருடைய உடன்பிறந்த தம்பி. வாள்தான் கிடைத்துவிட்டதே, துடைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டதாகச் சித்தி சொன்னால் போதும், இருவருக்கும் வேலை நிரந்தரம் என்றார்.

டிகிரி சித்தியைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குடி பாக்கிறே? இவ்வளவு பேசிட்டே, மிச்சத்தையும் பேசு," என்றாள் சித்தி. அவள் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

டிகிரி வாளை அவிழ்த்துச் சித்தியின் கையில் கொடுத்தாள். மைக் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் மட்டும் கேட்டுக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே நடந்தாள்.