ரெண்டு பேரும் வந்துட்டோம்

ஈஜோக் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். மதியச் சாப்பாடுகூட இன்னும் செரிக்கவில்லை. அதற்கு மேல் பாதை கிடையாது. பாதை இல்லை என்றால் என் வீட்டுக்காரர் வாசுவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். ஊர் உலகம் லீவுக்குக் கேமரன் மலைக்குப் போகும். இவர் பாகான் நக்கோடா ஓமார் கடலோரத்தில் படகு நுழையாத ஓடைக்குள் இடுப்பளவு சேற்றில் என்னை இழுத்துக்கொண்டு போவார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம். கல்யாணமான புதிதில் அழுதேன். பிறகு அவரைவிட எனக்கு அந்தக் கிறுக்கு அதிகமாகிவிட்டது.

இந்த முறை சதுப்புக் காட்டுக்குள் ஒரு கறுப்புக் குளம். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் பொட்டு வைத்த மாதிரி தெரிந்தது. எந்த வழியும் அதற்குப் போகவில்லை.

காட்டோரம் முனீஸ்வரர் கல் நின்றது. மீன் பிடிக்க உள்ளே போகும் தோட்டத்துச் சனங்கள் அங்கே சுருட்டுக் கொளுத்தி வைத்து, எத்தனை பேர் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். திரும்பும்போது கல்லைத் தொடும்வரை பின்னால் பார்க்கக் கூடாது. தொட்டதும், எத்தனை பேர் வந்தோம் என்று சொல்ல வேண்டும். சொன்ன தலைகளை வெளியே விட்டுவிட்டு முனி காட்டை அடைத்துவிடுவார். அதற்கப்புறம் உள்ளே இருப்பது வெளியே வராது, யாரும் உள்ளே போகவும் முடியாது என்பார்கள்.

வாசு சுருட்டை வைத்தார். "ரெண்டு பேரு போறோம் ஐயா."

"ரெண்டு பேரும் பத்திரமா வரணும்னு சேத்துச் சொல்லுங்க."

"நீ வராட்டி எனக்கு நிம்மதி லா," என்று சிரித்தார்.

குளத்துத் தண்ணீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் அசையாமல் கிடந்தது. பூச்சிச் சத்தம் இல்லை, பறவை இல்லை. அழுகிய இலை வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அது. வாசுவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"யாரு காலும் படாத இடம், ரூபி. பாத்துக்க."

அந்தக் கரையிலிருந்து படம் எடுக்கிறேன் என்று மரங்களுக்குப் பின்னால் போனார். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, கெளம்பலாம்."

"போ. வரேன்."

குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் நடந்தேன். பின்னாலேயே சேற்றில் கால் பிடுங்கும் சத்தம். நான் பேசியதற்கெல்லாம் "ம்" கொட்டினார். வாய் ஓயாத மனிதர் அவர். அவசரப்படுத்தியதில் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாடையும் கூடவே வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதே.

கல்லைத் தொட்டேன்.

"சொல்லு," என்றது பின்னால் குரல்.

"ரெண்டு பேரும் வந்துட்டோம் ஐயா."

என் போன் அடித்தது. வாசுவின் பெயர்.

"ரூபி, எங்க போயிட்ட? எவ்வளவு நேரமா கத்துறேன். கொளத்தோரம் உள்வாங்கிடுச்சி. இடுப்பு வரைக்கும் எறங்கிட்டேன். வேரப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

திரும்பினேன். யாருமில்லை. ஈரக் கால்தடங்கள் மட்டும் என்னைத் தாண்டி, செம்பனை வரிசைக்குள் புகுந்து, ரோட்டுப் பக்கம் போயிருந்தன.

எதையோ என் வாயாலேயே வெளியே விட்டிருந்தேன். அவரை உள்ளே வைத்து அடைத்திருந்தேன்.

தீயணைப்புக்காரர்களுக்கு, பொம்பாவுக்கு, போன் அடித்தேன், வண்டி வருகிறது என்றார்கள். காத்திருக்க முடியுமா? ஓடினேன். வரும்போது நாங்கள் முறித்துப் போட்ட கிளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓடினேன். நேராகக் கல்லின் முன்னால் வந்து நின்றேன். மறுபடி ஓடினேன். மறுபடியும் கல்.

"ஐயா, தெரியாம சொல்லிட்டேன். நான் ஒருத்திதான் வந்தேன். அவரு இன்னும் உள்ள இருக்காரு. தொறந்து விடுங்க ஐயா. அவரு இல்லாம நான் என்ன பண்ணுவேன்."

நெற்றியைக் கல்லில் மோதிக்கொண்டு அழுதேன். காட்டில் ஓர் இலை அசையவில்லை.

போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்கும்படி அவரிடம் கெஞ்சினேன்.

"மாருக்கு வந்திடுச்சி, ரூபி. குளுருது. நீ வீட்டுக்குப் போ. புள்ள தனியா இருக்கும்."

கண்மணி எங்கள் ஒரே மகள். பரீட்சைக்குப் படிக்க வீட்டில் இருந்தாள். போக மாட்டேன் என்று கத்தினேன். அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

அதற்குள் இன்னோர் அழைப்பு குறுக்கே வந்தது. கண்மணிதான். எடுத்தேன். அவள் குரல் மூச்சுக் காற்றாகத்தான் வந்தது.

"ம்மா, எங்க இருக்கீங்க? அப்பா மட்டும் வந்திருக்காரு. ஒடம்பெல்லாம் சேறு. எனக்குப் பயமா இருக்கு. ரூமுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டேன்."

"தொறக்காத. என்ன சொன்னாலும் தொறக்காத."

"கதவுக்கு வெளிய நிக்கிறாரும்மா. உன் பேரு என்ன, உன் பேரு என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."