லோர்னாவைத் தேடிய முப்பத்தொரு லட்சம் பேர்

மறுபடியும் போன் அலறியது.

காலையிலிருந்து இருநூற்றுப் பதினாலாவது தடவை!

துப்பறியும் அதிகாரி கிரெட்டா ஸ்கால்ஸ்கி காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தாள். அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தின் வட்டாரக் காவலில் இருபத்தாறு வருடம் போன் எடுத்துத் தேய்ந்த காது அது.

"சொல்லுங்க. லோர்னா கொலை வழக்கு. என்ன தகவல்?"

மறுமுனையில் ஒரு பெண். அரிசோனாவிலிருந்து பேசுகிறாளாம். பக்கத்து வீட்டுச் சுவருக்குக் காது இருப்பதுபோல் குரலை இறக்கினாள்.

"தகவல்லாம் ஒண்ணுமில்லைங்க... அந்தம்மாவுக்கு மூணு புருஷனாமே, நிஜமா?"

கிரெட்டா போனை வைத்தாள்.

வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அறைந்தாள்!

லோர்னா வெஸ்டர்பி. வயது அறுபத்தேழு. முப்பது வருடத்துக்கு முன்னால் உள்ளூர் டி.வி.யில் வானிலை சொன்னவள். ஒரு நாள், 'இன்றைக்குப் பனி கிடையாது' என்று அவள் சிரித்தபடி சொல்ல, அவளுக்குப் பின்னால் ஜன்னலில் கொட்டோ கொட்டென்று கொட்டியது பனி. அதுதான் அவள் புகழ். மொத்தமும் அவ்வளவுதான். பிறகு ஊர் அவளை மறந்தது. அவளும் ஊரை மறந்தாள்.

போன வியாழக்கிழமை, உறைந்து கிடந்த ஏரியின் மேல், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற மரக்குடிசைக்குள் பிணமாகக் கிடைத்தாள்.

அடுப்பின் புகைக்குழாயில் யாரோ பனியைக் குத்திக் குத்தித் திணித்திருந்தார்கள். புகைக்குப் போக்கிடம் இல்லை. உள்ளே கண் அசந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வாயு தீர்ந்ததும் குளிர் புகுந்து உடம்பைக் கட்டையாக்கிவிட்டது. ஞாயிறு மதியத்துக்கும் புதன் இரவுக்கும் நடுவே எப்போது செத்தாள் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

பனி சொன்னவள் பனியிலேயே செத்தாள்!

போதாதா? நாடே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வந்தது.

செத்த மாடுதானே அதிகம் கறக்கும்.

* * *

"கிரெட்டா, இங்க பாரும்மா..." என்றார் காப்டன் மெக்ராத். தொப்பையை மேஜையோடு சாய்த்து நிறுத்தியிருந்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோர்ட்டுல லைல் மேல கொலைக் குற்றம் பதிவு. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

லைல், லோர்னாவின் இரண்டாவது புருஷனுடைய மகன். டிராக்டர் பழுது பார்க்கிறவன். அந்த அடுப்பை மாட்டிக் கொடுத்ததே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை அதே குடிசையில் அவளோடு அவன் போட்ட சத்தம் அக்கம்பக்கத்துக் குடிசைகளில் எல்லாம் கேட்டிருக்கிறது. ஏரிக்கரை வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று சண்டை. அன்று இரவே வண்டி ஏறி, நாலு மணி நேரத் தூரத்திலிருக்கும் ஃபார்கோ போய்விட்டான். திங்கள் காலை முதல் வியாழன் வரை அங்கே பட்டறையில் வேலை. சாட்சி இருபது பேர்.

"அப்ப திங்கக்கிழமை செத்திருந்தா அவன் நிரபராதி," என்றாள் கிரெட்டா.

"ஞாயித்துக்கிழமை செத்திருந்தா ஆயுள் தண்டனை. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அந்தம்மாவை உயிரோட பாத்தது யாரு? ஒரு ஆளைக் காட்டு, நான் விட்டுர்றேன்."

அந்த ஒரு ஆளுக்காகத்தான் போன் நம்பரை நாடு முழுக்க அறிவித்திருந்தார்கள்.

வந்ததோ இந்த மாதிரி. உயரம் எவ்வளவு என்று கேட்டவர்கள் முப்பது பேர். முடி நிஜமா, வைத்ததா என்று கேட்டவன் ஒருத்தன். உறைந்த பிணத்தைத் தட்டினால் சத்தம் வருமா என்று கேட்டான் இன்னொருத்தன். குரலைக் கேட்டால் சம்பளம் வாங்குகிற வயது!

காலையில் லைலைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள் கிரெட்டா. சண்டை போட்டதை அவன் மறுக்கவில்லை. ஏழு வயதிலிருந்து தன்னை வளர்த்தவள் அவள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் சொல்கிறவன் தரையைப் பார்ப்பான், அல்லது கண்ணைப் பார்ப்பான். இவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிரெட்டா அவனை நம்பினாள். நம்பிக்கையைக் கோர்ட்டில் யார் வாங்குவார்கள்?

உதவி அதிகாரி டென்னி ஆஹோ எட்டிப் பார்த்தான்.

"மேடம், ஒருத்தர் இருக்காரு. நம்ம ஊர்தான். அந்த இணையக் கலைக்களஞ்சியம் இருக்குல்ல... யாரு வேணும்னாலும் எழுதலாமே, அதுல ஜனங்க எந்தப் பக்கத்தை எத்தனை தடவை பாத்தாங்கன்னு வாராவாரம் பட்டியல் போடறவரு. லோர்னா பக்கத்தையே ஒம்பது வருஷமா அவருதான் பாத்துக்கறாராம். பிணம் கிடைக்கறதுக்கு முந்தியே யாராவது அந்தப் பக்கத்தை மோப்பம் பிடிச்சிருந்தா..."

கிரெட்டா கோட்டை எடுத்துக்கொண்டாள். மணி ஒன்றரை.

* * *

எவரெட் ஸாபோ. வயது அறுபத்து மூன்று. துறைமுகத்தில் தானிய எடை பார்க்கிறவர். குளிர்காலத்தில் கப்பல் கிடையாது, அதனால் வேலையும் கிடையாது. அந்த மாதங்களில் கம்ப்யூட்டர்தான். கலைக்களஞ்சியத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'எடைக்கல்'.

வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. காபி கொடுத்தார். எலுமிச்சைக் கேக் துண்டும் கொடுத்தார்.

"வாங்க மேடம். ஜனங்க லட்சணத்தைப் பாக்கணுமா? இந்தாங்க."

திரையைத் திருப்பினார். இந்த வாரப் பட்டியல்.

முதல் இடம், லோர்னா வெஸ்டர்பி. முப்பத்தொரு லட்சம் பார்வைகள். இரண்டாவது, அவளுடைய முதல் புருஷன், ஒரு ஹாக்கி ஆட்டக்காரன். மூன்றாவது, வேடிக்கையாகச் செத்தவர்களின் பட்டியல். நான்காவது, ஏதோ நடிகையின் விவாகரத்து. தடுப்பூசி பற்றி ஒரு நல்ல கட்டுரை இருந்தது. அதை நாடு முழுக்க ஆயிரம் பேர்கூடத் தொடவில்லை.

"போன வாரம் வரைக்கும் லோர்னா பக்கத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு பார்வை," என்றார் எவரெட். "அதுல நாலு என்னோடது. இப்பப் பாருங்க. உலகத்துல இருக்கற அறிவையெல்லாம் சும்மா வச்சிருக்கோம், வந்து அள்ளிக்கங்கன்னு. இவன் வந்து எதை அள்ளறான்? எத்தனை புருஷன், எப்படிச் செத்தா, சாகும்போது வலிச்சுதா. சோத்துப் பானைய விட்டுட்டு எச்சில் இலையை நக்கற கூட்டம்."

கிரெட்டாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாலு நாளாக அவள் போனில் கேட்ட குப்பைக்கு இவர் வாய் மருந்து போட்டது.

பிணம் கிடைப்பதற்கு முந்தைய நாட்களைக் காட்டச் சொன்னாள். எவரெட் ஒரு நொடி தயங்கினார். பிறகு தட்டினார்.

திங்கள், ஆறு. செவ்வாய், நாற்பத்தொன்று. புதன், ஐம்பத்தெட்டு.

கிரெட்டாவின் கோப்பை வழியிலேயே நின்றது.

"அவ செத்தது செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாதே..."

"கொன்னவனுக்குத் தெரியுமில்ல?" என்றார் எவரெட். "செய்தி வெளிய வந்துடுச்சான்னு திரும்பத் திரும்பப் பாத்திருக்கான். அந்தப் பையன் லைல்தான். ஆனா யாரு பாத்தாங்கறதைக் கணக்கு சொல்லாது மேடம். எத்தனைங்கறதை மட்டும்தான் சொல்லும்."

கிரெட்டா எழுந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பேச்சு மட்டும் ஓயவில்லை. முப்பத்தொரு லட்சம் பேரில் ஒருத்தனாவது ஆதாரம் என்ன என்று அழுத்திப் பார்த்திருப்பானா, எழுதியதை நம்புவான், ஏமாறுவான், போய்த் தூங்குவான் என்று ஏளனம் செய்துகொண்டே கதவைச் சாத்தினார்.

* * *

காரில் உட்கார்ந்தாள். சூடு ஏறும்வரை கை விறைத்தது.

மணி மூன்று. டென்னி கூப்பிட்டான். காப்டன் கோட்டு மாட்டிவிட்டார், வக்கீல் வந்துவிட்டார் என்றான்.

லைல் போய்விடுவான்... ஆயுளுக்கும்!

கிரெட்டா போனில் லோர்னாவின் பக்கத்தைத் திறந்தாள். அவளும் நாலு நாளில் இதைப் பத்துத் தடவை பார்த்தவள்தான். மேலோட்டமாக. எவரெட் ஏசிய அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக. அது அவளுக்கு உறுத்தியது.

சரி கிழவா, இன்றைக்கு எல்லாவற்றையும் அழுத்துகிறேன்.

ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஆதாரங்கள். செய்தித்தாள் இணைப்புகள். பிறகு கட்டுரையின் முதுகுக்குப் பின்னால், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வாதாடுகிற பக்கம். அங்கே இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு கடிதம் இருந்தது. லோர்னாவே எழுதியது.

'நான் வெறும் வானிலைக்காரி. என்னை வைத்து ஒரு பக்கம் எதற்கு? தயவுசெய்து அழித்துவிடுங்கள்.'

கீழே வாக்கெடுப்பு. அழிக்கலாம் என்று ஏழு பேர். அழிக்கக் கூடாது என்று ஒரே ஒருத்தர்... எடைக்கல்!

முடிவு நாள், போன வெள்ளிக்கிழமை.

பிணம் கிடைத்தது வியாழக்கிழமை. நாடே படிக்கிற பக்கத்தை இனி யார் அழிப்பார்கள்? வாக்கெடுப்பு ரத்து. பக்கம் பிழைத்துக்கொண்டது.

கிரெட்டாவின் முதுகில் ஐஸ் ஓடியது. காரின் சூடு ஏறிவிட்டிருந்தும்.

மேலே போனாள். கட்டுரையின் உச்சியில் லோர்னாவின் படம். சிவப்புக் கம்பளிக் குல்லாய். கையில் ஆவி பறக்கும் கோப்பை. பின்னால் மரப்பலகைச் சுவர். சிரித்துக்கொண்டிருந்தாள். டி.வி., பேப்பர், போன் என்று எல்லாரும் எடுத்துப் போட்டது இந்தப் படத்தைத்தான்.

படத்தை அழுத்தினாள்.

அடியில் மூன்று வரி விரிந்தது.

எடுத்தவர், எடைக்கல். சொந்தமாக எடுத்த படம், யாரும் பயன்படுத்தலாம். நாள், பிப்ரவரி 10, திங்கள், மாலை 4.10.

திங்கள்!

முப்பத்தொரு லட்சம் ஜோடிக் கண்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்தன. பல்லைப் பார்த்தன, குல்லாயைப் பார்த்தன, சுருக்கத்தை எண்ணின. படத்துக்கு அடியில் விரல் வைக்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

காவல் துறைக்கும்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிரெட்டா டென்னியைக் கூப்பிட்டாள். "காப்டனை நிறுத்து. அந்தம்மாவை உயிரோட பாத்த ஆளு கிடைச்சாச்சு. ஒரு வண்டி அனுப்பு."

* * *

எவரெட் கதவைத் திறந்தார். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் விரிந்திருந்த மூன்று வரிகளைப் பார்த்தார்.

"அழுத்திட்டீங்களா..." என்றார். குரலில் பயம் இல்லை. கிட்டத்தட்ட பாராட்டு.

மறுக்கவில்லை. உட்கார்ந்து சொன்னார். கோரிக்கையை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சத்தான் திங்கட்கிழமை குடிசைக்குப் போனாராம். அவள் உட்காரவைத்துக் காபி கொடுத்தாளாம். ஒன்பது வருடம் உழைத்திருக்கிறீர்கள், ஆசைக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு என்னை விட்டுவிடுங்கள் என்றாளாம். எடுத்துக்கொண்டார். வெளியே வந்தார். நல்ல பனி புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது.

"ஒம்பது வருஷம் மேடம். அவ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஆதாரம் தேடி நான் மூணு ஊரு அலைஞ்சேன். ஏழு பேரு கையைத் தூக்கினா அழிச்சிடறதா?"

"அதுக்கு அவங்களையே அழிச்சிட்டீங்க."

"அவ எப்படியும் ஒரு நாள் போவா. பக்கம் இருக்குமில்ல."

கிரெட்டா விலங்கை எடுத்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"படத்தை ஏன் போட்டீங்க?"

"லட்சக்கணக்குல வரப் போறாங்க. படம் இல்லாத பக்கமா காட்டறது? சொந்தமா எடுத்தது மட்டும்தான் செல்லும். வேற படம் எங்கிட்ட இல்ல."

"தேதியையாவது மாத்திப் போட்டிருக்கலாமே. ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருந்தா இந்நேரம் லைல் உள்ள, நீங்க வெளிய."

எவரெட் முகம் சுளித்தார். அசிங்கத்தை மிதித்தவர்போல.

"பொய்த் தேதியா? கலைக்களஞ்சியத்துலயா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

கிரெட்டா விலங்கை விரித்தாள். ஆளைக் கொல்லக் கூசாத கை, தேதியை மாற்றக் கூசியிருக்கிறது!

"ஜனங்களைக் கேவலமா பேசினீங்களே மிஸ்டர் ஸாபோ. அவங்க பேய்தான், நான் இல்லைங்கல. ஆனா அவங்க அவ செத்த சேதி வந்தப்புறம்தான் வந்து பாத்தாங்க. நீங்க ஒரே ஆளு, நாப்பத்தொரு தடவை, அம்பத்தெட்டு தடவை... செத்தது வெளிய வந்துடுச்சான்னு பாத்துட்டு உக்காந்திருந்தீங்க."

விலங்கு மாட்டினாள். வெளியே வண்டி வந்து நின்றது. டென்னி போனில் சொன்னான். லைலைத் திறந்து விட்டார்களாம். அவன் வெளியே போகாமல், பிணத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறானாம்.

பனியில் சறுக்கிவிடாமல் எவரெட்டைக் கைத்தாங்கலாக நடத்தினாள். வண்டிக் கதவருகில் அவர் நின்றார். கண்ணில் ஒரு மினுமினுப்பு.

"மேடம்... இது நாடு பூரா பேசப் போற வழக்கு. எனக்குன்னு ஒரு பக்கம் வருமில்ல?"

கிரெட்டா அவர் தலையை அழுத்தி வண்டிக்குள் உட்கார வைத்தாள்.

"உங்க விதியெல்லாம் இப்பத்தான் படிச்சேன். ஒரே ஒரு சம்பவத்தால பேர் வாங்கற ஆளுக்குத் தனிப் பக்கம் கிடையாதாமே. லோர்னா பக்கத்துல ஒரு வரி போடலாம்..." என்று கதவைச் சாத்தினாள். "அதுவும் அந்த ஏழு பேரு சம்மதிச்சா!"