சத்தமில்லாத பக்கம்

தீவின் கிழக்குக் கரையில் மட்டும் ஒரு பறவைகூட உட்காரவில்லை.

மற்ற மூன்று பக்கமும் கண்ணா மரங்களில் கூழைக்கடாக்களும் நாரைகளும் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, எச்சத்தின் காரமும் சேற்றின் புளிப்பும் கலந்த வாடை தொண்டைவரை இறங்க, தக்ஷாயினி காலையிலிருந்து தொலைநோக்கியும் கையுமாக இருந்தாள். யுத்தம் முடிந்து, தீவுக்குப் போக ஆமி போட்டிருந்த தடையை எடுத்த முதல் வருடம். உயிரியல் படிப்பிக்கிற அவளுக்கு இந்தத் தீவு சிறுவயது ஆசை.

தோணிக்கார வீரகத்தி மேற்குக் கரையில் இறக்கிவிட்டபோதே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"பிந்திராதீங்க மாமா. பிள்ள பால் குடியாம கத்துவான்."

"ஓம் புள்ள. பொழுது படமுன்ன வாறன்."

வெயில் சாய்ந்தபோது அது கேட்டது. தோணி விளிம்பில் தடியால் தட்டுகிற சத்தம். அவளுக்குப் பழக்கமானதுதான். அப்பாவும் கூட்டாளிகளும் மூன்று பக்கமும் இப்படித் தட்டித்தான் மீனைக் கலைப்பார்கள். மீன் சத்தமில்லாத பக்கம் ஓடும். வலை அங்கேதான் நிற்கும். மீன் உள்ளே வந்ததும் தட்டுவதை நிறுத்துவார்கள். சுனாமியன்று காலையிலும் அப்பா சிவப்புத் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு தொழிலுக்குத்தான் போனார். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தாள். தீவைச் சுற்றிய வாவியில் ஒரு தோணியும் இல்லை.

சத்தம் மேற்கிலிருந்து வந்தது. பிறகு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, காலடிச் சேறு ஒவ்வொரு தட்டுக்கும் அதிரும்படி நெருங்கியது. பறவைகள் ஒன்றாக எழும்பிப் போய்விட்டன. பால் கட்டி மார்பு வலித்தது. வீட்டுக்குப் போகவேண்டும். வேறெதுவும் நினைவில் இல்லை.

கிழக்குக் கரையில் ஒரு தோணி நின்றது. அதன் முன்முனையில், அணியத்தில், ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஓடினாள். சேற்றில் விழுந்தாள். எழுந்து ஓடினாள். ஏறி உட்கார்ந்ததும் அப்பாடா என்றிருந்தது.

தட்டுவது நின்றது.

"மாமா, போவம்."

அவர் திரும்பவில்லை. தோணி தானாகக் கரையை விட்டு விலகியது.

அப்போது மேற்குக் கரையிலிருந்து வீரகத்தியின் குரல் கேட்டது.

"புள்ள, எங்க நிக்கிறாய்? நான் வந்திட்டன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

தோணியைச் சுற்றி வலையின் மிதப்புகள். மிதப்புகளுக்கு அப்பால் தலைகள். ஈரத் தலைகள். ஒவ்வொன்றாக எழும்பின.

கைகள் வலையை இழுக்கத் தொடங்கின. ஒரு தலையில் சிவப்புத் துவாய் கட்டியிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், மற்றவர்களோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்.