இரண்டின் காலடியில் ஒரு கொலை

பெரியவர் செத்தபோது அந்தத் தனி வார்டில் இருந்தவர்கள்:

பெரியவர். கட்டிலில், வயிற்றில் ஆறிக்கொண்டிருந்த தையலோடு.

அவருடைய தம்பி, சின்னவர். சோபாவில், போனைத் தடவிக்கொண்டு.

அண்ணனும் தம்பியும் நடத்தும் கம்பெனியின் மூத்த புரோகிராமர். எதிரே யார் பேசினாலும் திருத்துவார். அதனால் பெயர் ‘வாத்தியார்’. ஜன்னலோரம் நின்றிருந்தார்.

ஒரு ஆண் நர்ஸ். கையில் சிரிஞ்ச்.

கதவுக்கு வெளியே மேஜை மேல் ஒரு லேபிள் பிரிண்டர். மருந்தின் பெயரையும் அளவையும் அடித்துத் துப்பியிருந்தது. அதை ஓட்டும் புரோகிராமை எழுதியது அதே கம்பெனி.

நர்ஸ் லேபிளைப் படித்தான். ஊசியைப் போட்டான்.

பெரியவரின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது...

விட்டது.

அவ்வளவுதான்.

ஊரின் மறுமுனையில் ஒரு போன் அடித்தது.

எடுத்தவள் அதே கம்பெனியின் புரோகிராமர். ஆபீசில் அவளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர். ஏன் என்று யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

“அக்கா...”

“என்னடா?”

“ஸ்டேஷன்ல இருக்கேன்.”

“எங்க கெளம்பிட்ட?”

“ரயில் இல்லக்கா. போலீஸ்.”

*

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. மேஜையில் ஆடை கட்டிய டீ. அதைக் குடிக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை.

“டாக்டர் கம்ப்யூட்டர்ல அடிச்சது ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லி. உங்க தம்பி ஏத்தினது பன்னெண்டு. பத்து மடங்கு. ஆளு போயிட்டார்.”

கம்பிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“லேபிள்ல பன்னெண்டுன்னுதான் இருந்துச்சு.”

மிளகாய் திரும்பினாள்.

“புது மருந்தாடா?”

“ஆமா. இதுக்கு முன்னாடி போட்டதில்ல.”

“டாக்டரை ஒரு வார்த்தை கேட்டியா?”

“லேபிள் உங்க கம்பெனியோடது அக்கா. நீ எழுதுன புரோகிராம். அதை எதுக்குச் சந்தேகப்படணும்னு...”

அவளுக்கு வந்த கோபத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அவனையா, தன்னையா, அந்த ஆறிப்போன டீயையா.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த லேபிளை மேஜையில் வைத்தார்.

12.

நடுவில் புள்ளி இல்லை.

“உங்க புரோகிராம். உங்க தம்பி கை. ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டு அடுப்பு. நான் என்ன நினைக்கணும்?”

“என்ன வேணா நினைங்க. முதல்ல அந்த வார்டு கம்ப்யூட்டரைக் காட்டுங்க.”

“கேக்குறீங்களா, ஆர்டர் போடுறீங்களா?”

“என் தம்பி உள்ள நிக்கிறான் மேடம். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

“நாளைக்கு கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். கவனக்குறைவுன்னு எழுதுறதா, கொலைன்னு எழுதுறதான்னு மட்டும்தான் பாக்கி. கொலைன்னு எழுதினா அதுல உங்க பேரும் வரும். சும்மா சொல்லி வைக்கிறேன்.”

“எழுதுங்க. பேனா இருக்கா, நான் தரவா?”

*

தனி வார்டு காலியாக இருந்தது. கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். மருந்து வாசனை மட்டும் போகவில்லை.

மிளகாய் கதவுக்கு வெளியே பிரிண்டரோடு இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விசைகள் தடதடத்தன. புரோகிராமைப் பார்த்தாள். அவள் விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது. டாக்டர் அடித்த அளவைப் பார்த்தாள். புள்ளி இருந்தது.

அப்படியானால், திரையில் இருந்த புள்ளி காகிதத்துக்கு வரும் வழியில் எங்கே போனது?

இன்னொரு கோப்பைத் திறந்தாள். வரி வரியாக எண்கள்.

“இது என்ன?” என்றார் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர்.

“ஃபான்ட் அளவு ஃபைல். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு அகலம்னு ஒரு வரி இருக்கும். என் புரோகிராம் இதைப் படிச்சுதான், ஒரு எழுத்தை அடிச்சதும் அடுத்ததை எவ்வளவு தள்ளி அடிக்கணும்னு தெரிஞ்சுக்கும்.”

“தள்ளி உக்காரு, தள்ளி உக்காருன்னு... பஸ் கண்டக்டர் மாதிரி.”

“அதேதான்.”

அவள் விரல் நின்றது.

புள்ளிக்கான வரி. அகலம் 278 என்று இருக்க வேண்டும்.

x278 என்று இருந்தது.

“பாவி...” என்றாள், பல்லுக்குள்.

“ஒரு எழுத்துதானே கூட இருக்கு?”

“எழுத்து ஒட்டிட்டா அது நம்பர் இல்ல மேடம். புரோகிராமால படிக்க முடியாது. படிக்க முடியலன்னா அகலம் பூஜ்யம்னு எடுத்துக்கும். புள்ளியை அடிக்கும். ஆனா தள்ளாது. அடுத்து வர்ற ரெண்டு, புள்ளி தலைமேலயே வந்து உக்காரும். லென்ஸ் இருந்தா லேபிளைப் பாருங்க. ரெண்டோட கால்மாட்டுல.”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். லென்ஸை நகர்த்தினார். மறுபடி பார்த்தார்.

இரண்டின் அடிக்கோடு கனமானது, தட்டையானது. இடது ஓரத்தில், அந்தக் கோட்டுக்கு மேலே மயிரிழை அளவு ஒரு மேடு. உள்ளே அமுங்கிக் கிடந்த புள்ளியின் தலை.

“இருக்கு...” இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. “உங்க தம்பி பொய் சொல்லல.”

“அவனுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் பத்தாது.”

“ஃபைல் தானா கெட்டிருக்குமா?”

“தானா கெட்டா கண்டபடி கெடும். இது ஒரே வரி, ஒரே எழுத்து. இன்னிக்குக் காலைலதான் மாத்தியிருக்காங்க, பாருங்க. இந்த மெஷின் இந்த வார்டுக்கு மட்டும்தான். வார்டுல இருந்தது பெரியவர் மட்டும்தான். யாரோ உக்காந்து, யோசிச்சு, டைப் அடிச்சிருக்காங்க.”

“படிக்க முடியலன்னா பேசாம நின்னுடணும்ல? பூஜ்யம்னு எந்த மடையன் வச்சான்?”

மிளகாய் வெடுக்கென்று திரும்பினாள்.

“நான் நிக்கிற மாதிரிதான் எழுதினேன். ஒரு தடவை நின்னதுக்கு ஆஸ்பத்திரிக்காரங்க கத்தினாங்க. என்ன ஆனாலும் ஓடிக்கிட்டே இருக்கணும்னு சின்னவர் மேஜையைத் தட்டினார். மாத்த வேண்டியதாப் போச்சு.”

“அப்போ பூஜ்யம் சமாச்சாரம் அவருக்குத் தெரியும்.”

“அவர் போட்ட உத்தரவே அதுதானே.”

டியூட்டி சிஸ்டரைக் கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் விசாரித்தார். காலையில் வந்ததும் சின்னவரும் வாத்தியாரும் பிரிண்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கம்பெனி மெஷின்தானே என்று யாரும் கேட்கவில்லை.

“அண்ணன் போனா கம்பெனி யாருக்கு?”

“தம்பிக்கு.” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “வாங்க மேடம். அந்த ஆளை நான் நாலு கேள்வி கேக்கணும்.”

“கேள்வி நான் கேப்பேன். நீங்க நில்லுங்க, போதும்.” இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டருக்குச் சீல் வைக்கச் சொன்னார். “இந்த எக்ஸ் விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். வாயைத் திறக்காதீங்க.”

*

நில்லுங்க என்றால் நிற்கிற ஆளா அவள்?

கம்பெனியில் சின்னவரின் அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தவள் அவள்தான்.

சின்னவரின் கண்கள் வீங்கியிருந்தன. எதிரில் வாத்தியார். மேஜையில், பேப்பருக்குக் கொடுக்க எழுதிய பெரியவருக்கான இரங்கல் விளம்பரம். அதிலும் வாத்தியார் சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் திருத்தியிருந்தார்.

“எங்க வந்தே?” சின்னவர் எழுந்தார். “அண்ணன் உடம்பு இன்னும் வீடு வந்து சேரல. உன் தம்பி கொன்னு போட்டுட்டான். நீ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு...”

“இந்த மூஞ்சிதான். நல்லாப் பாத்துக்கங்க. காலைல அந்த மெஷின் முன்னாடி எதுக்கு உக்காந்தீங்க?”

“என் மெஷின். நான் உக்காருவேன்.”

“உக்காந்து?”

“ஏய்... என்ன சொல்ல வர்றே?”

“உங்களுக்குத்தான் தெரியுமே. நிக்கக் கூடாது, ஓடணும்னு கத்துனது நீங்கதானே. படிக்க முடியலன்னா பூஜ்யம்னு வைக்கச் சொன்னது நீங்கதானே. அந்தப் பூஜ்யத்துலதான் உங்க அண்ணன் போயிருக்கார். என் தம்பி கம்பிக்குப் பின்னாடி நிக்கிறான்.”

“மேடம், இவளை வெளிய அனுப்புங்க.”

இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்து நின்றார்.

“நான் போறேன். நீங்க அந்த ஃபைல்ல கை வைக்கலன்னு சொல்லுங்க, போறேன்.”

“எந்த ஃபைல்?”

“நடிக்காதீங்க. ஃபான்ட் அளவு ஃபைல்ல புள்ளியோட வரியை மொத்தமா அழிச்சுட்டாங்க. அதனாலதான் அகலம் பூஜ்யமாச்சு, புள்ளி...”

“தப்பு.”

வாத்தியார்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சலிப்போடு துடைத்தார்.

“எது தப்பு?”

“வரியை அழிச்சா பூஜ்யம் ஆகாதும்மா. வரியே இல்லன்னா நம்ம புரோகிராம் அந்த இடத்துல ஒரு கட்டம் போடும். கட்டத்தைப் பாத்தா எந்த நர்ஸும் முழிச்சுக்குவான். நீ எழுதினது உனக்கே மறந்துபோச்சா? வரி அப்படியேதான் இருக்கு. நம்பருக்கு முன்னாடி ஒரு எக்ஸ். அது ஒட்டினதாலதான் படிக்க முடியாம...”

நின்றார்.



இன்ஸ்பெக்டர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

“மெஷின் எங்க சீல்ல இருக்கு வாத்தியாரே. அந்த எக்ஸை எப்பப் பாத்தீங்க?”

“அது... காலைல. சும்மா ஃபைலைத் திறந்தப்ப...”

“ஊசிக்கு முன்னாடி.”

“ஆமா... இல்ல...”

“முன்னாடியே பாத்தவர், இதைப் போட்டா ஆள் செத்துடுவார்னு தெரிஞ்சவர், ஜன்னல் ஓரமா நின்னு என்ன வேடிக்கை பாத்தீங்க?”

வாத்தியார் கண்ணாடியை மாட்டினார். குரல் கரகரத்தது.

“இந்தப் புரோகிராமுக்கு முதல் வரி எழுதினவன் நான். இவ நேத்து வந்தவ. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி பெரியவர் என்னைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் இவகிட்ட ஒப்படைச்சுட்டு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுன்னார். ரெஸ்ட்டாம். திரும்பி வந்து எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்னார்.”

“எங்கிட்டகூட சொல்லலையே...” சின்னவர் நாற்காலியில் விழுந்தார்.

“சொல்லல. அதனாலதான் அவர் திரும்பி வரலன்னா போதும்னு இருந்துச்சு.”

மிளகாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் தம்பி டியூட்டின்னு தெரியும்ல?”

“தெரியும். லேபிள் அடிக்கிறது உன் புரோகிராம். ஊசி போடுறது உன் தம்பி. போலீஸ் வேற யாரைத் தேடும்?”

அவள் கை ஓங்கியது.

இன்ஸ்பெக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா. இன்னொரு கேஸ் எழுத எனக்குத் தெம்பு இல்ல.”

*

ஜீப்பில் வாத்தியார் பின்னால், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில். முன்னால் இன்ஸ்பெக்டரும் மிளகாயும்.

“நல்ல பொறி. வரியை அழிச்சாங்கன்னு வேணும்னே தப்பாச் சொன்னீங்க. திருத்தாம இருக்க மாட்டார்னு தெரியும்.”

“பொறியெல்லாம் இல்ல மேடம். எக்ஸ் விஷயத்தைச் சொல்லக் கூடாதுன்னீங்க. அதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

“அப்போ உண்மையிலேயே சின்னவர்தான்னு நினைச்சீங்களா?”

“அந்தாளை எனக்கு ஆரம்பத்துலேருந்தே பிடிக்காது.”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஸ்டேஷனில் கம்பிக்கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும் உதடு கோணியது.

“அழுதே, அறைஞ்சிடுவேன்.”

“அழலக்கா.”

“நீயும் ஒண்ணும் யோக்கியன் இல்லடா. பழக்கமில்லாத மருந்து. டாக்டருக்கு ஒரு போன் அடிச்சிருந்தா பெரியவர் இப்ப உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருப்பார்.”

“தெரியும்.” அவன் தலை குனிந்தான். “அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நெனை. நல்லா நெனை.” அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. “நானும்தான் நெனைக்கணும். நாளைக்கு முதல் வேலை, அந்தப் பூஜ்யத்தைத் தூக்குறேன். நிக்கட்டும். யார் கத்தினாலும் நிக்கட்டும்.”

கான்ஸ்டபிள் வாத்தியாரை உள்ளே தள்ளினார். இன்ஸ்பெக்டர் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைத் திருப்பினார்.

தம்பி அப்போதுதான் தன் வெறுங்காலைப் பார்த்தான்.

“அக்கா... என் செருப்பு உள்ள கெடக்கு.”

மிளகாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“விடுடா, அவர் போட்டுக்கட்டும். அங்க நடக்குற நடைக்கு அது ஆயுசுக்கும் தேயாது.”