படியில் வைத்த வாளி

மழை பிடித்துக்கொண்டது. ஹார்ட்வேர் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் நிற்கத்தான் இடம்... நின்றவர்கள் இருவர்.

“அந்தப் பேஸ்ட் எதுக்குங்க?” அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்து அவன் கேட்டான்.

“வீட்டு நீச்சல் குளம் ஒழுகுது. சாயங்காலம் பாத்தா தண்ணி இறங்கியிருக்கு. கட்டின கான்ட்ராக்டர் தினமும் காலைல வந்து பாத்துட்டு, ‘ததும்பி நிக்குது, எங்கம்மா ஒழுகுது’ன்னு என்னையே பொய்க்காரி ஆக்கிட்டாரு. திங்கட்கிழமை நீச்சல் கிளாஸ் தொடங்கணும். தண்ணியைக் கண்டாலே நடுங்குற பொம்பளைங்க, என்னை நம்பிப் பேர் குடுத்திருக்காங்க. அந்த மனுஷனுக்கு வாய் மட்டும் எட்டூருக்குக் கேக்கும், வேலை...”

சட்டென்று நிறுத்தினாள். முன்பின் தெரியாதவனிடம் இவ்வளவா? அவன் இமையில் ஒரு மழைத்துளி... அதற்குள் ஒரு சிரிப்பு.

“ஒரு வாளித் தண்ணியைக் குளத்துப் படியில வைங்க. ரெண்டுலயும் தண்ணி மட்டத்துக்குக் கோடு போடுங்க. வெயில்ல வத்தினா ரெண்டும் சேர்ந்து இறங்கும். குளம் மட்டும் இறங்கினா ஒழுகல்தான்.”

“நடுவுல மழை பெஞ்சா?”

“மழைக்கு ஓரவஞ்சனை தெரியாதுங்க.”

மாலையே வாளி வைத்தாள். மறுநாள் காலை வாசலில் அதே கண்கள்.

“அப்பா அனுப்பினாரு. நான் கான்ட்ராக்டரோட பையன்.”

அவள் முகம் சிவந்தது. “நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“அப்பா வாய் எட்டூருக்குக் கேக்கும்னீங்க. அது நிஜம்தானே... எப்படி மறுக்குறது?”

அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். குளத்தருகே போனதும் நடை தானாக நின்றது. வாளித் தண்ணீர் கோட்டிலேயே இருந்தது. குளமோ கோட்டுக்கு மேல் நான்கு விரல் ஏறியிருந்தது.

“ஒழுகுற குளம் பாத்திருக்கேன். ஊறுற குளத்தை இப்பத்தான் பாக்கறேன்” என்றான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் செடிகளுக்குப் பின்னால், சொட்டும் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த தன் அப்பாவைக் கண்டாள். சட்டையெல்லாம் ஈரம்.

“நான்தாம்மா... தண்ணி இறங்கியிருந்தா உன் முகம் வாடிப்போவுது. அதான் நீ எந்திரிக்கறதுக்குள்ள...”

“தினமுமாப்பா?”

“தினமும்தான்.”

கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் அவனும் சிரித்தான்.

அன்று ஹோஸுக்கு ஓய்வு. குளத்துச் சுவரில் பதித்த விளக்கின் ஓரமாக அவன் ஒரு சொட்டு நீல மை விட்டான். மை நூலாக இழைந்து, வளைந்து... விளக்கின் விளிம்புக்குள் நுழைந்து மறைந்தது. குனிந்திருந்த இரண்டு தலைகளும் முட்டாத குறை.

“நீங்க பொய்க்காரி இல்லை” என்றான் மெல்ல.

“உங்கப்பா ஒத்துக்கணுமே.”

“ஒத்துக்கலைன்னா உங்க பக்கம் நிக்கறேன்.”

மாலையில் கான்ட்ராக்டர் பெரியவர் வந்தார். முறுக்கிக்கொண்டுதான் வந்தார். மகன் வாதாடவில்லை, இன்னொரு சொட்டு மை விட்டான். அது போன வழியைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“லைட்டைச் சுத்தி சரியா அடைக்காம விட்டிருக்கோம். தப்பு எங்களுதும்மா. உன்னைப் பேசினது அதைவிடத் தப்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுத் தர்றேன்.”

நெடுநேரம் மூழ்கியிருந்து மேலே வந்தவள் போல மூச்சு விட்டாள்.

சொன்னபடி முடித்தும் கொடுத்தார். திங்கட்கிழமை, நடுங்கிக்கொண்டே இறங்கிய ஒருத்தி முதன்முதலாக மிதந்து, மிதப்பதை நம்பாமல் சிரித்தாள். மகன் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. காலையில் வருவான், வாளியைப் பார்ப்பான், போவான். ஒரு தூறல் காலையில் அவளே கேட்டாள்.

“இன்னிக்கு எப்படி?”

“ரெண்டும் ஒரே மட்டம்.”

“நேத்தும் அதையேதான சொன்னீங்க?”

“ம்... ஒழுகல் நின்னுடுச்சுன்னு முதல் நாளே தெரியும். எதுக்கு வர்றேன்னு சொல்லத்தான் வாய் வரலை. அப்பா வாயில பாதி எனக்கு இருந்திருக்கலாம்.”

“இப்ப சொல்லுங்க.”

“உங்களைப் பாக்கத்தான்... உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் பாதத்தால் தண்ணீரை அளைந்தாள்.

“வேலை முடிஞ்ச அன்னிக்கே எங்கப்பா இந்த வாளியை எடுத்து உள்ள வெச்சுட்டாரு.”

“அப்போ தினமும் இங்க...”

“நீங்க வர்றதுக்குள்ள நான்தான் ரொப்பிக் கொண்டாந்து வெக்கிறேன்” என்றாள் தலை நிமிராமல். “அப்பா புத்தி அப்படியே எனக்கு.”