நடுத்தொட்டியில் ஒதுங்கிய தூசி

ரப்பர் பாலில் விழும் பட்டைத்தூசி தனியாக நிற்காது. இரண்டு சேரும், நாலு சேரும், கடைசியில் தொட்டிச் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் புஷ்பம் எப்போதும் ஓரமாகவே சிரட்டையை ஓட்டித் தூசி அள்ளுவாள். இன்று ஓரம் சுத்தமாக இருந்தது. தூசியெல்லாம் நடுவில் வட்டமாகக் கூடியிருந்தது.

ஏதாவது விளிம்பு இருந்தால்தான் தூசி அங்கே ஒதுங்கும். மிதக்கிற இலையோ குச்சியோ போதும். நடுவிலோ ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்ற பால், அதன் புளித்த வாடை, பகலையே இருட்டாக்கிக்கொண்டு தகரக் கூரையில் விடாமல் கொட்டும் தெரணியகலை மழை, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு அம்மை கண்டு தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவை மூடிவிட்டார்கள். நாலு வயது மகள் நிரோஷாவைப் புஷ்பம் கள்ளத்தனமாகக் கூட்டிவந்து தொட்டிக்குப் பின்னால் சாக்கில் உட்கார்த்தியிருந்தாள். ஸ்டோர் ஐயா கண்ணில் பட்டால் வேலை போய்விடும். கூப்பிட்டால் "ம்" மட்டும்தான், வேறு பேச்சு கூடாது என்று காலையில் பிள்ளையைக் கிள்ளி வேறு வைத்திருந்தாள், பாவி.

"நிரோ," என்றாள் மெதுவாக.

"ம்."

தொட்டிக்குப் பின்னாலிருந்துதான். அப்பாடா. நடுத்தூசியை அள்ளி வீசினாள். மிச்சம் மீதி இருந்தது மெல்ல நகர்ந்து அதே இடத்தில் கூடியது.

"அக்கா, அசிட்ட ஊத்தவா?" பாலை உறையவைக்க அசிட் கலக்கும் சாலி வாளியோடு நின்றான். "ஐயா வாசலுக்கு வந்துட்டாரு."

எட்டிப் பார்க்க நாலே எட்டு. அவள் பார்த்தால் ஐயாவும் பார்ப்பார்.

"நிரோ?"

"ம்."

"சரி, ஊத்துங்க தம்பி."

ஊற்றினான். துடுப்பால் கலக்கினான். நடுவில் துடுப்பு முட்டி நின்றது.

"அடியில பால்கட்டி கெடக்கு போல," என்றான் சாலி.

ஐயா வந்தார். தொட்டியைப் பார்த்தார். தலையாட்டினார். சாலியையும் கூட்டிக்கொண்டு போனார்.

புஷ்பம் தொட்டிக்குப் பின்னால் ஓடினாள். சாக்கு இருந்தது. பிள்ளை இல்லை.

"நிரோ!"

"ம்," என்றது வெறும் சாக்கு.

திரும்பினாள். பால் இறுகிக்கொண்டிருந்தது. நடுவில் அதன் தோல் எழும்பியது. ஒரு மேடு. இரண்டு. ஐந்து. சின்னஞ்சிறியவை. ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்பாய்த் தூசி.

மடங்கின.

விரிந்தன.